பரங்கி மடத்துக்குப் போட்ட திட்டம்

என் அம்மா செத்தபோது நான் அழவில்லை. அழ விடவில்லை. அம்மை வார்த்துச் செத்தவர்களுக்காக எங்கள் ஊரில் யாரும் அழக் கூடாது. ஆத்தாளே வந்து கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள், அழுதால் கோபித்துக்கொண்டு மிச்சம் இருப்பவர்களையும் கூட்டிப் போய்விடுவாள் என்பார்கள். எனக்கு அப்போது பதினைந்து வயது. நான் வாயைத் திறந்ததும் யாரோ ஒருத்தி தன் முந்தானையை என் வாயில் வைத்து அமுக்கினாள். அந்தத் துணியின் மீன் கவிச்சி இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. ஞாபகம் வரும்போதெல்லாம் கோபமும் வருகிறது.

ஊர் இடுகாட்டிலும் அவளுக்கு இடம் கொடுக்கவில்லை. எங்கள் ஊர் பழவேற்காட்டு ஏரிக்குள் இருக்கும் தீவு. இருக்கிற மண்ணே கொஞ்சம், அதில் ஆத்தாளின் கோபத்தை வேறு புதைக்க முடியுமா என்று ஊர்ப் பெரியதனக்காரர் கேட்டார். நைனா, அதாவது என் அப்பா, அம்மாவைத் தனி ஆளாகப் படகில் ஏற்றிக்கொண்டு போனார். ஏரியின் வடக்கே, சுண்ணாம்புக்குளத்துப் பக்கம் ஒரு மணல் மேட்டில், பரங்கிச் சாமியார்கள் எந்தக் காலத்திலோ கட்டி, எந்தக் காலத்திலோ விட்டுப்போன மடம் ஒன்று இடிந்து கிடந்தது. பழவேற்காட்டுக் கோட்டையில் உலாந்தாக்காரர் என்கிற டச்சுக்காரர் கொடி ஏறுவதற்கு முன்பே அதன் கூரை விழுந்துவிட்டது என்பார்கள். யாருக்கும் சொந்தமில்லாத மண். அங்கே புதைத்துவிட்டுப் பொழுது சாயத் திரும்பி வந்தார். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் அம்மா என்ற பேச்சே கிடையாது.

ஏழு வருஷம் நைனாவை உள்ளுக்குள் வைதுகொண்டே இருந்தேன். பெண்டாட்டியைக் குப்பை மாதிரி கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்த மனுஷன் என்று நினைத்தேன். வெளியே சொல்லவில்லை. சோறு போட்டேன், துணி துவைத்தேன், முகத்தைப் பார்த்து மட்டும் பேசமாட்டேன். எனக்குக் கல்யாணம் ஆகி, புருஷன் கப்பலில் கூலிக்குப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதனால் நானும் நைனாவும் மட்டும் ஒரே குடிசையில் இருந்தோம்.

அந்த வருஷம் சித்திரையில் பழவேற்காட்டுச் சந்தைக்கு நண்டு கொண்டுபோன பக்கத்துக் குடிசைக்காரி ஒரு சேதியோடு திரும்பினாள். ஊரில் நாங்கள் அவளை நண்டுக்காரி என்றுதான் கூப்பிடுவோம். நண்டுப் பொந்துக்குள் கையை விட்டு, கடிபடாமல் எடுக்கிற சாமர்த்தியம் அவளுக்கு மட்டும்தான் உண்டு.

"ஏய், தெரியுமா? பரங்கி மடத்த இடிக்கப் போறாங்களாம். டவுனு செட்டியாரு ஒருத்தர் கிடங்கு கட்டுறாராம், செங்கல்லு பூரா அங்கேருந்துதான் வருதாம். பௌர்ணமிக்கு வேலைய ஆரம்பிக்கிறாங்கன்னு மேஸ்திரியே சொன்னாரு."

நான் உரித்துக்கொண்டிருந்த இறாலைக் கீழே போட்டேன். கிடங்குக்குச் செங்கல் தோண்டுகிறவன், கூடவே வருகிற எலும்பை என்ன செய்வான்? ஏரியில் எறிவான். எங்கள் அம்மாவின் மேல் நாங்களே வலை வீசுவோம். அந்த நினைப்பு வந்ததும் எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. போய் அவளை ஊருக்குக் கொண்டுவந்துவிட வேண்டும், ஊர் மண்ணில் வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

நைனா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். எதிரே போய் உட்கார்ந்தேன். ஏழு வருஷத்தில் முதல் முறையாக முகத்தைப் பார்த்துப் பேசினேன்.

"அம்மாவ எங்க வச்ச? சரியா எந்த எடம்?"

வலை ஊசி அவர் கையில் நின்றது. "இன்னாத்துக்கு இப்போ?"

"மடத்த இடிக்கிறாங்க. நான் போய் இட்டாரப் போறேன்."

"பேஜார் புடிச்ச பொண்ணா கீறியே. பெரியதனம் இன்னா சொல்லுவாரோ."

"அவர் எதையாச்சும் சொல்லட்டும். நீ இன்னா சொல்ற?"

அவர் மறுபடி ஊசியை வலைக்குள் விட்டார். அவருடைய பயம் எனக்குத் தெரியாததல்ல. எங்கள் ஊரில் முகத்துவாரத்துக்கு அருகே நல்ல வலையிடம் ஒன்றுதான். அங்கே இஷ்டத்துக்கு யாரும் வலை இறக்க முடியாது. வருஷத்துக்கு ஒரு முறை கோயில் முன்னால் ஓலைத்துண்டு எடுத்து, யாருக்கு அடுத்து யார் என்று வரிசை போடுவார்கள். ஒரு நாள் ஒருத்தர், அதுதான் பாடு. பாடு இருக்கிறவன்தான் ஊரில் மனுஷன். பாட்டிலிருந்து ஒருத்தனைத் தள்ளிவைத்தால் அவன் வலையைக் கொடியில் காயப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டியதுதான். தள்ளிவைக்கும் அதிகாரம் பெரியதனக்காரரிடம் இருந்தது.

மறுநாள் காலையில் நான் மறுபடி கேட்காமலே நைனா என்னைக் கரைக்குக் கூட்டிப்போனார். ஈர மணலில் குச்சியால் கோடு போட்டார். ஒரு சதுரம், அதற்குள் ஒரு வட்டம், பக்கத்தில் ஒரு வளைவு.

"இது கெணறு. தூந்து போச்சு, ஆனா வாய் தெரியும். அதுக்கு வடக்கால ஒரு வளைவு நிக்குது பாரு, அதும் அடியில. தலை கெழக்க." அலை வந்து கோட்டை அழித்துவிட்டது. இன்னொரு முறை போட்டுக் காட்டினார். "படகு தரேன். நான் வரல. என் பாட்டுக்கு மறுநாள் எடுத்துக்கினு போ. அன்னிக்குப் படகுக்கு வேலை இல்ல."

அது பெரிய விஷயம். அவ்வளவு பயந்த மனுஷனிடமிருந்து அவ்வளவு கிடைத்தது என்பதே எனக்கு ஆச்சரியம். ஆனாலும் நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும், அவர் பெண்டாட்டிதானே?

பெண்களைச் சேர்த்தேன். எங்கள் ஊர்ப் பெண்கள் கையால் இறால் பிடிக்கிறவர்கள். இடுப்பளவுத் தண்ணீரில் முட்டிபோட்டு, சேற்றுக்குள் இரண்டு கையையும் விட்டுத் துழாவிக்கொண்டே நகர்வோம். பனையோலைப் பறி முதுகுப் பக்கம் மிதக்கும், அதன் கயிறு பல்லில் இருக்கும். வாய் அடைத்திருக்கும்போது யோசனை நிறைய ஓடும். அதனால் கரையேறியதும் எல்லாவற்றையும் பேசித் தீர்த்துவிடுவோம். அப்படிக் கரையில் வைத்துத்தான் கேட்டேன். நைனாவின் அக்கா, என் அத்தை, உடனே வருகிறேன் என்றாள். நண்டுக்காரி வருகிறேன் என்றாள். இன்னும் மூன்று பேர் கொஞ்சம் யோசித்துத் தலையாட்டினார்கள். யார் மண்வெட்டி கொண்டுவருவது, யார் வெள்ளைத்துணி கொண்டுவருவது, குடிதண்ணீர் எத்தனை பானை, எல்லாம் பேசினோம். என்றைக்கு என்று கேட்டபோது நான் சொன்னேன்: "நைனா பாட்டுக்கு மறுநாள்."

அங்கேதான் தப்புச் செய்தேன். அந்தக் கணக்கில் அது பௌர்ணமிக்கு முந்தின நாள்; அப்படியே சொல்லியிருக்கலாம். வானத்தில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு நிலா இருக்கிறதே! ஆனால் எங்கள் ஊரில் நாளை அப்படி எண்ணிப் பழக்கம் இல்லை. குழந்தை பிறந்ததையே இன்னார் பாட்டன்று பிறந்தது என்று சொல்கிற ஊர். எனக்கும் வாயில் அதுதான் வந்தது.

நான்கு நாள் கழித்துக் கோயிலுக்குப் பக்கத்துக் குடிசைக் கிழவர் செத்துப்போனார். வயசாகிப்போன சாவு, எல்லாரும் நன்றாக அழுதார்கள். சாவு விழுந்த நாளில் எங்கள் ஊரில் வலை இறங்காது. அன்றைக்குப் பாடு யாருடையதோ அவர் மறுநாள் இறக்குவார், அவருக்கு அடுத்தவர் அதற்கு மறுநாள், இப்படி வரிசை முழுக்க ஒரு நாள் தள்ளிப்போகும். நானும் அந்தச் சாவு வீட்டில் உட்கார்ந்துதான் இருந்தேன். நம் திட்டமும் ஒரு நாள் தள்ளிப் போய்விட்டது என்று என் மரமண்டைக்கு உறைக்கவே இல்லை. நிலாவோ யார் சாவுக்கும் நிற்காமல் வளர்ந்துகொண்டிருந்தது.

பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்னால், இன்றைக்குப் பாடு ஏன் இறக்கவில்லை என்று நைனாவைக் கேட்டபோதுதான் தெரிந்தது. "நாளைக்குத்தானே என் பாடு" என்றார். நாளைக்குப் படகு வலைக்குப் போகும். மறுநாள் படகு சும்மா இருக்கும், ஆனால் அன்றைக்குப் பௌர்ணமி, கடப்பாரை விழுந்துவிடும். தலையில் அடித்துக்கொண்டேன்.

போதாததற்கு அன்று மாலையே பெரியதனக்காரர் எங்கள் வாசலில் வந்து நின்றார். தலையாட்டிய மூன்று பேரில் ஒருத்தி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. பெரியதனக்காரர் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். அந்த அம்மையில் அவர் வீட்டிலும் ஒரு குழந்தை போயிற்று. அதற்கும் அவர் அழவில்லை. அழாமல் இருந்ததால்தான் ஊர் பிழைத்தது என்று அவர் நிஜமாகவே நம்பினார்.

"இந்தாம்மா, அங்க போ, பூ வையி, விழுந்து கும்புடு, நான் ஒண்ணும் சொல்லல. எலும்பு மட்டும் இந்தக் கரையில ஏறக் கூடாது. ஏறிச்சுன்னா உங்க நைனா பாடு அன்னியோட முடிஞ்சுது."

"மாமா, ஏழு வருஷமா அங்க கிடக்கிறது எங்க அம்மா. வெறும் எலும்பா?"

"உங்கிட்ட வாயாட நான் வரல. உங்க நைனாகிட்ட சொல்லிட்டேன்." போய்விட்டார்.

நைனா நிமிர்ந்து பார்க்கவில்லை. "விட்டுடும்மா. அவ போய் சேந்துட்டா. நாம இங்க கஞ்சி குடிக்கணுமே" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

"படகு ஒன்னுது. பாடு ஒன்னுது. வச்சுக்கோ. காலு என்னுது. நாளைக்கு நான் நடந்து போறேன்."

சொன்ன பிறகுதான் எனக்கே யோசனை வந்தது. ஏன் நடக்க முடியாது? தினம் தினம் தண்ணீரில்தானே நடக்கிறோம்! கத்திரி வெயிலில் ஏரி வற்றி, பாதி இடத்தில் தொடையளவுதான் தண்ணீர். ஆண்களுக்கு ஏரி என்றால் படகு, பாய், துடுப்பு. எங்களுக்கு ஏரி என்றால் காலடிச் சேறு. எந்த இடம் கெட்டி, எந்த இடம் புதையும், எந்த இடத்தில் கிளிஞ்சல் கிழிக்கும், எல்லாம் காலுக்கு மனப்பாடம்.

விடியும் முன் குடிசை குடிசையாகப் போய் எழுப்பினேன். மூன்று பேர் வரவில்லை. ஒருத்தி, நாளைக்குத்தானே என்று நினைத்துச் சந்தைக்குக் கிளம்பிவிட்டாள். ஒருத்திக்குத் திடீரென்று காய்ச்சல். பெரியதனக்காரரிடம் வாயை விட்டவள் கதவையே திறக்கவில்லை. அத்தையும் நண்டுக்காரியும் நானும் இறங்கினோம். தலையில் வெள்ளைத்துணியைச் சுற்றி, பறிக்கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு கரையிலிருந்து நகர்ந்தோம். பார்க்கிறவர்களுக்கு இறாலுக்குப் போகிறவர்கள் மாதிரிதான் இருந்திருக்கும்.

கோட்டையில் காலைப் பீரங்கி போட்ட சத்தம் பின்னால் கேட்டபோது பாதி வழி வந்திருந்தோம். நடுவில் ஒரு ஓடை ஆழம். அங்கே அத்தைக்குக் கால் எட்டவில்லை. நண்டுக்காரியும் நானும் ஆளுக்கொரு தோளைப் பிடித்து இழுத்துப் போனோம். தண்ணீர் குடித்துவிட்டுக் கரகரவென்று இருமியபடி அத்தை சொன்னாள்: "ஒங்கம்மா உசுரோட இருந்தப்பகூட எனக்கு இவ்ளோ வேலை வச்சதில்லடி." அத்தனை பதற்றத்திலும் மூன்று பேரும் சிரித்துவிட்டோம்.

மேட்டில் ஏறினால் ஆட்கள். பௌர்ணமிக்குத்தான் வேலை என்றவர்கள் முதல் நாளே வந்து கொட்டகை போட்டிருந்தார்கள். மடம் என்று சொல்ல அதிகம் மிச்சமில்லை. நான்கு துண்டுச் சுவர், ஆலங்கன்று பிளந்துகொண்டு நின்ற ஒரு மாடம், ஆடு படுக்கிற தரை, நைனா கோடு போட்டுக் காட்டிய அதே வளைவு. அந்த வளைவில் ஏணி சாத்தி ஒருவன் கடப்பாரையோடு நின்றான். நான் அவனை நோக்கி ஓடினேன்.

மேஸ்திரி குறுக்கே வந்தார். "யாரும்மா நீங்க? செட்டியார் கோட்டையில கிரயம் கட்டி வாங்கின எடம் இது. இறாலெல்லாம் அந்தாண்ட."

"செட்டியாரு செங்கல்லத்தான வாங்கினாரு? எங்க அம்மாவயும் சேத்தா வாங்கினாரு?" என்றேன். அவருக்குப் புரியவில்லை. "அந்த வளைவு அடியில எங்க அம்மா கீது. அம்மை வார்த்து செத்தது."

அவ்வளவுதான் சொன்னேன். ஏணியில் நின்றவன் கடப்பாரையைப் போட்டுவிட்டுக் குதித்தான். மற்றவர்கள் கொட்டகைக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்கள். மேஸ்திரி மட்டும் பத்தடி தள்ளி நின்று, "சீக்கிரம் எடுத்துக்கினு போயிடு தாயி" என்று கும்பிட்டார். எந்தப் பயம் அவளை ஊரைவிட்டுத் துரத்தியதோ அதே பயம் அன்றைக்கு எனக்கு வழிவிட்டது. எனக்கு அதில் ஒரு குரூரமான சந்தோஷம் இருந்தது, மறைப்பானேன்.

மண்வெட்டி, வராமல் போனவர்களில் ஒருத்தி வீட்டில் இருந்தது. அதனால் மூன்று பேரும் முட்டிபோட்டுக் கையால் தோண்டினோம். முழங்கை ஆழத்துக்குமேல் பார்க்க முடியவில்லை, மணல் சரிந்துகொண்டே இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு சேற்றில் இறால் தேடுவதுபோலத் துழாவினேன். விரலில் உருண்டையாக ஒன்று பட்டது. எடுத்தால் சுட்ட மண் குண்டு, நடுவில் ஓட்டை. வலையின் அடியில் கட்டுகிற குண்டு. பக்கத்திலேயே இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. வரிசையாக வந்துகொண்டே இருந்தன, ஓர் ஆள் நீளத்துக்கு ஒரு சுற்று. நூல் மக்கிப்போயிருந்தது. சில முடிச்சுகள் மட்டும் கறுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தன.

அத்தைதான் முதலில் புரிந்துகொண்டாள். "வலையில சுத்தி வச்சிருக்கான்டி. முழு வலையையும்." அம்மா செத்த வருஷம் நைனா வலை இல்லாமல் அடுத்தவர் படகில் கூலிக்கு இழுத்தார். வெள்ளத்தில் போய்விட்டது என்று ஊரிலும் சொன்னார், என்னிடமும் சொன்னார். கோடித்துணி கொடுக்க யாரும் வராத நாளில், தன்னிடம் இருந்த ஒரே சொத்தை அவள்மேல் சுற்றிவிட்டு, அதை ஏழு வருஷம் வெளியே சொல்லாமல் இருந்திருக்கிறார். நான் ஏழு வருஷம் அவரை வைதிருக்கிறேன். குண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து எண்ணாமல் பறியில் போட்டேன். எலும்புகளை வெள்ளைத்துணியில் கட்டினோம். அத்தனை பெரிய அம்மா ஒரு பறிக்குள் அடங்கிவிட்டாள்.

திரும்பும்போது பறியைத் தலையில் வைத்துக்கொண்டேன். தண்ணீரில் மிதக்கவிட மனம் வரவில்லை. கழுத்து இற்றுப்போயிற்று. அத்தை மாற்றி வாங்குகிறேன் என்றாள். நான் கொடுக்கவில்லை.

வெயில் தாழ ஊர்க்கரைக்கு வந்தோம். எங்களைத் தூரத்திலேயே பார்த்திருக்கிறார்கள். கரையில் பாதி ஊர் நின்றது. முன்னால் பெரியதனக்காரர். கொஞ்சம் தள்ளி, அன்றைய பாட்டை முடித்து மீனைக்கூட இறக்காமல் நைனா. நான் முழங்கால் தண்ணீரில் நின்றேன்.

"அங்கயே நில்லு" என்றார் பெரியதனக்காரர். "சொன்னேனா இல்லியா? கரையில கால வச்சா உங்க நைனா பாடு போச்சு."

சொல்ல ஆயிரம் வைத்திருந்தேன். வழியெல்லாம் சேர்த்து வைத்த பேச்சு. ஆனால் பாடு என்னுடையது இல்லையே. அதை இழக்கும் உரிமையும் என்னுடையது இல்லை. நைனாவைப் பார்த்தேன். பறியைச் சாய்த்து, உள்ளே இருந்த ஒரு குண்டை எடுத்துக் காட்டினேன்.

அவர் அதைப் பார்த்தார். அப்புறம் தண்ணீருக்குள் நடந்து வந்தார். என் தலையிலிருந்து பறியை இறக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார்.

"எடுத்துக்கோ" என்றார், பெரியதனக்காரரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல். "பாட்டத்தான கேக்குற, எடுத்துக்கோ. இவள உட்டுட்டு நான் வலை போட்டதெல்லாம் போதும்."

யாரும் தடுக்கவில்லை, யாரும் கூட வரவுமில்லை. இடுகாட்டில் நைனா ஒருவரே குழி வெட்டினார். துணி மூட்டையை இறக்கி, சுற்றிலும் அந்தக் குண்டுகளை வரிசையாக வைத்தார். மண் தள்ளும்போது வாயைத் திறந்தேன். ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி, தொண்டை கிழிய அழுதேன். வேலிக்கு வெளியே இருந்து யாரோ, "அழாத, ஆத்தா கோச்சுக்குவா" என்றாள். கோபித்துக்கொள்ளட்டும் என்று கத்தினேன். அத்தையும் அழுதாள். நண்டுக்காரி எங்கள் ஊருக்கு வாழ வந்ததே அம்மா செத்த வருஷம்தான், அவளுக்கு என் அம்மாவைச் சரியாகத் தெரியவே தெரியாது, அவளும் அழுதாள். ஆத்தா யாரையும் கூட்டிக்கொண்டு போகவில்லை. அதற்கப்புறம் அந்த வருஷம் முழுக்க எங்கள் ஊரில் ஒருவருக்கும் காய்ச்சல்கூட வரவில்லை.

பாடு போனது போனதுதான். அன்றைக்கே வரிசையிலிருந்து நைனாவின் ஓலையை எடுத்துவிட்டார்கள். கூலிக்குக்கூட யாரும் படகில் ஏற்றவில்லை. நாலு நாள் வீட்டில் உட்கார்ந்திருந்தார். ஐந்தாம் நாள் காலை நான் ஏரிக்குக் கிளம்பும்போது, கொடியில் கிடந்த அம்மாவின் பழைய பறியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். வலைக்காரன் கையால் துழாவி இறால் பிடிப்பது எங்கள் ஊரில் ஆண்பிள்ளைக்குப் பெரிய அவமானம். அவர் பெண்களுக்கு நடுவில், இடுப்பளவுத் தண்ணீரில் முட்டிபோட்டார். முதல் நாள் அவருக்கு ஒன்றும் அகப்படவில்லை. நண்டுக்காரி கேலி செய்தே கொன்றுவிட்டாள்.

ஒரு வாரம் கழித்து, அன்றைய பாட்டுக்கு முகத்துவாரம் போகிற படகு எங்களைத் தாண்டிப் போயிற்று. அதில் பெரியதனக்காரரும் வலை இழுக்கிற கூலிக்காரர்களும். படகு மெதுவானது, எல்லாரும் எங்களையே பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன், என்னை அறியாமல். நைனா குனியவில்லை. பல்லில் பறிக்கயிறு இருந்ததால் அவரால் பேச முடியாது. சேற்றுக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்து, துள்ளிக்கொண்டிருந்த ஒரு பெரிய இறாலைப் படகுக்கு நேராகத் தூக்கிக் காட்டினார்.